உஷார்! கண்ணாடிப் பெட்டி வீட்டுக்குள் வருகிறது

மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக எங்கள் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். அன்று ஊரில் எந்த வீட்டிலும் உறவுக்கூட்டத்துக்குக் குறைவிருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அக்கா மகன் புதிதாகச் சேர்த்து வைத்திருந்த கேமிங் கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுழலும் கலர் விளக்கு ஃபேன்களைக் கிட்டத்தில் காட்டுவதற்காக அவன் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். கழற்றியதைப் பதமாகத்தான் தரையில் இறக்கிச் சுவரோரம் சாய்த்தான். டைல்ஸ் தரை. கை எடுத்த அடுத்த நொடி சரவெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அத்தனை பெரிய கண்ணாடி உப்புக்கல்லாகச் சிதறி அறை முழுக்கத் தெறித்தது. பக்கத்தில் வெறுங்காலோடு நின்ற ஆறு வயதுப் பெண் குழந்தையின் பாதத்தில் இரண்டு இடத்தில் ரத்தம். கண்ணில் படவில்லை, தெய்வச் செயல்.

"ஒண்ணுமே பண்ணல மாமா, வெச்சேன், அவ்ளோதான்" என்று அந்தப் பையன் நடுங்கிக்கொண்டே சொன்னான். அவன் சொன்னது முழு உண்மை. அவன் ஒன்றுமே பண்ணவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அன்றிலிருந்து இந்தப் பெட்டி விஷயத்தைத் தோண்டத் தொடங்கினேன். தோண்டத் தோண்டக் கிடைத்ததை எல்லாம் ஊர்ப் பெற்றோர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பையன்கள் கேட்கும் முதல் பரிசு இப்போது இதுதான். ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதல் போனஸில் வாங்குவதும் இதுதான்.

முதலில் அந்தக் கண்ணாடி. அது டெம்பர்ட் கிளாஸ். 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சடாரெனக் குளிர்வித்துச் செய்வது. அப்படிச் செய்வதால் மேல்தோல் இறுக்கமாக அமுங்கியும், உள்பகுதி இழுபட்டும் நிற்கும். நடுவில் குத்தினால்கூடத் தாங்கும். அதன் உயிர்நிலை ஓரத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு கடினமான முனை சின்னதாகக் கீறிவிட்டால் உள்ளே இழுபட்டு நிற்கும் விசை முழுவதும் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும். நம் வீடுகளில் போடும் விட்ரிஃபைட் டைல்ஸும் செராமிக்கும் கண்ணாடியைவிடக் கடினமானவை. கிரானைட்டும் அப்படியே. சிமென்ட் தரையில் ஒட்டியிருக்கும் ஒற்றை மணல் துகளே போதும். வெளிநாட்டில் பலருக்கு மரத்தரை, கம்பளத் தரை. நமக்கு வீடு முழுக்க டைல்ஸ். அந்தக் கண்ணாடிக்கு இதைவிட மோசமான தரை கிடையாது.

ஆகவே கண்ணாடியைக் கழற்ற வேண்டுமென்றால் பெட்டியை முதலில் கட்டில் மேலோ பாய் மேலோ படுக்க வையுங்கள். நிற்க வைத்த நிலையில் நான்காவது திருகைக் கழற்றும்போதுதான் கண்ணாடி நழுவி விழும். கழற்றியதைப் போர்வையை மடித்து அதன் மேல் படுக்க வையுங்கள், சாய்க்கவே சாய்க்காதீர்கள். திரும்பப் பூட்டும்போது கையால் திருகும் அளவுக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர் போட்டு முறுக்காதீர்கள். திருகுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கண்ணாடி வேண்டாம், தகட்டுக் கதவு வைத்த மாடல் கேளுங்கள். என் கருத்து இது. பையன் முகம் சுருங்கும், பரவாயில்லை.

கண்ணாடி சமாச்சாரம் இத்தோடு முடிந்திருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். இரண்டு வாரம் கழித்து அக்கா ஈரத்துணியால் மேசையைத் துடைக்கும்போது பெட்டியின் தகட்டில் கை பட்டுச் சுருக்கென்று இழுத்தது. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்குடா" என்றாள். பையனோ "அது எல்லா கம்ப்யூட்டர்லயும் வரும்மா, நார்மல்" என்றான். இந்த வார்த்தையை ஊரில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! உஷார், அது நார்மல் இல்லை.

பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். எனும் பவர் பாகத்தில் மின் இரைச்சலை வடிக்க ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகட்டுக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவை வழியே கசியும் துளி மின்சாரம் மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது போக இடமில்லாமல் பெட்டியின் தகட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி. கசிவு மிகச் சிறியது என்பதால் சுருக்கென்பதோடு விட்டுவிடுகிறது. ஆனால் அந்தச் சுருக், எர்த் இல்லை என்று வீடு கொடுக்கும் தகவல். நாளைக்கே உள்ளே ஒரு வயரின் தோல் உரிந்து தகட்டில் பட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட். அப்போது மண்ணுக்குப் போகும் வழி தொடுகிற ஆளின் உடம்புதான். ஆறடி உயரப் பீரோவில் கரன்ட் பாய்ந்தால் எவ்வளவு ஆபத்தோ, முழங்கால் உயரப் பெட்டியிலும் அவ்வளவுதான். இதைத் தொடுவதோ ஹெட்போனைக் காதில் மாட்டிய பிள்ளை.

எங்கள் வீட்டில் நடந்தது என்ன தெரியுமா? பழைய ஸ்விட்ச் போர்டில் மூன்று ஓட்டை இருக்கிறது. எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்து இல்லை. நமக்குத் தெரியாமலே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறோம். இன்னொரு வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூன்றாவது பின்னை வெட்டியே விட்டிருந்தார்கள், இரண்டு ஓட்டை சாக்கெட்டில் நுழையவில்லை என்று. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். எர்த் குழி இருந்தாலும் அது உயிரோடிருக்கிறதா என்று பாருங்கள். பாலாற்றோரத்து மணல் கலந்த மண் கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது. சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நம் பெரியவர்கள் செய்தார்கள், நாம் மறந்துவிட்டோம்.

"கடையில் கொடுத்த பெட்டி, கம்பெனிப் பெட்டி, அதில் என்ன ஆபத்து வரும்?" என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டுமே உலகம் அறிந்த பெரிய கம்பெனிகள், இரண்டுமே வெறும் பெட்டி சம்பந்தப்பட்டவை.

அமெரிக்காவின் என்இசட்எக்ஸ்டி கம்பெனி 2020-இல் எச்1 என்று ஒரு சின்னப் பெட்டி விட்டது. கிராஃபிக்ஸ் கார்டைப் பிடிக்கும் இணைப்புப் பலகையைத் தகட்டோடு பூட்ட இரண்டு இரும்புத் திருகுகள். அந்தத் திருகு ஓட்டைக்கு மிக அருகில் 12 வோல்ட் கோடு ஓடியது. திருகு உரசியதும் ஷார்ட் ஆகி நெருப்பு. கம்பெனி முதலில் இரும்புக்குப் பதில் நைலான் திருகு அனுப்பிப் பார்த்தது. விமர்சகர்கள் விடாமல் குடைந்த பிறகு, 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்து, அந்த நாட்டில் மட்டும் ஏறத்தாழ 32,000 பெட்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு திருகு! அதன் விலை என்ன இருக்கும்?

அடுத்தது சுவீடனின் ஃபிராக்டல் டிசைன். 2021-இல் வந்த அவர்களுடைய டோரென்ட் என்ற பெட்டி, காற்றோட்டத்தில் அதற்கு இணை இல்லை என்று எல்லோரும் புகழ்ந்தது. முன்பக்கம் 180 மி.மீ. ஃபேன் இரண்டு. 2022 தொடக்கத்தில் அதன் ஃபேன் ஹப்பில், அதாவது எல்லா ஃபேன் வயர்களும் வந்து சேரும் சின்னப் பலகையில், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்பிருப்பது தெரிந்தது. கம்பெனியே விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களை அந்த ஹப்பைக் கழற்றி வைக்கச் சொல்லி, வேறு ஹப் அனுப்பியது. அவர்கள் செய்தது சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். பெயர் உள்ள கம்பெனி, அதனால் தப்பு வெளியே தெரிந்தது, திரும்ப அழைக்க ஆள் இருந்தது. பெயரே இல்லாத அட்டைப்பெட்டியில் வரும் கேபினெட்டின் ஹப் கருகினால் யார் அழைப்பார்கள்? பில்லே இல்லாமல் வாங்கியவரை எந்தக் கம்பெனி தேடி வரும்?

மலிவு கேபினெட்டைத் திறந்தால் முதலில் அந்த ஃபேன் வயர்களைப் பாருங்கள். நான்கு ஃபேன், ஆறு ஃபேன் என்று அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே ஹப்பில் கட்டி, அந்த ஹப்புக்குக் கரன்ட் எடுக்க ஒரு மாற்று வயர் கொடுத்திருப்பார்கள். பழைய மோலெக்ஸ் முனையிலிருந்து சாட்டா முனைக்கு மாற்றும் வயரில், முனை முழுவதும் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தது போல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும், நாளாக ஆகச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி ஷார்ட் ஆகும். இந்த வகை வயர் கருகியதைப் பார்க்காத சர்வீஸ்காரர் இருக்க மாட்டார். ஒவ்வொரு வயரும் தனித்தனியாகச் செருகப்பட்டு, பின்பக்கம் மூடியோடு இருக்கும் முனைதான் வேண்டும்.

விளக்கு வயரிலும் ஒரு பொறி இருக்கிறது. மூன்று கம்பி கொண்ட ஏ.ஆர்.ஜி.பி. விளக்கு 5 வோல்ட், நான்கு கம்பி கொண்ட ஆர்.ஜி.பி. 12 வோல்ட். பையன் அவசரத்தில் முதலாவதை இரண்டாவதன் இடத்தில் அழுத்திச் செருகினால் விளக்கு போகும், சில நேரம் மதர்போர்டும் போகும். மதர்போர்டுக்கு அடியில் பித்தளைக் குமிழ்கள் நிற்கும், அதன் மேல்தான் போர்டு உட்காரும். தேவையில்லாத இடத்தில் ஒரு குமிழ் நின்றால் அது போர்டின் அடிவயிற்றைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். "ஆன் ஆகல, போர்டு டெட்" என்று கடைக்குப் போகும் பல போர்டுகள் இப்படித்தான்.

கேபினெட்டோடு எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். இதை நான் கோபமாகவே சொல்கிறேன். அதன் மேல் 450 வாட் என்று பெரிதாக ஒட்டியிருக்கும். ஒட்டியதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் கோட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 168 வாட். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் உண்பது ஏறத்தாழ முழுவதும் இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி எல்லாம் காகித வாட். நல்ல பெயர் வாங்கிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. ஜிகாபைட்டின் 750, 850 வாட் மாடல்கள் இரண்டு, சோதனையில் வெடித்ததால் 2021 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி பாதுகாப்பு அளவைத் திருத்தி, குறிப்பிட்ட வரிசை எண்ணுள்ளவற்றை மாற்றித் தந்தது. அங்கேயே இப்படி என்றால் முகவரி இல்லாத எஸ்.எம்.பி.எஸ். பற்றி என்ன சொல்ல?

இனி நம் ஊருக்கே உரிய ஆபத்துக்கு வருகிறேன். தூசி.

திருமுக்கூடல், மதூர், சிறுதாமூர் பக்கம் கல்குவாரியும் கிரஷரும் ஓடுவது நமக்குப் புதிதல்ல. எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வாலாஜாபாத் சாலை பிடித்து இரவு பகலாகப் போகின்றன. சாலையோர வீடுகளில் காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். கொடியில் காயும் வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறம். இந்தக் காற்றைத்தான் அந்தப் பெட்டி குடிக்கிறது.

எவ்வளவு குடிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டேன். முன்பக்கம் 120 மி.மீ. ஃபேன் மூன்று. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 50 கன அடிக் காற்று இழுப்பதாகக் காகிதத்தில் இருக்கும், வடிகட்டியும் வலையும் குறுக்கே வருவதால் நடைமுறையில் பாதி என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து 75. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம், மொத்தம் ஆயிரம் கன அடி. பதின்மூன்று, பதினான்கு நிமிடத்தில் அறைக்காற்று முழுவதும் ஒருமுறை அந்தப் பெட்டி வழியாகப் போய் வந்துவிடுகிறது. பையன் நான்கு மணி நேரம் விளையாடினால் பதினெட்டு முறை. கிரஷர் தூசி முழுவதும் உள்ளே படியாமல் வேறெங்கே போகும்?

மூன்றே மாதத்தில் அக்கா மகனின் பெட்டியைத் திறந்தபோது பிராசசர் மேல் இருக்கும் ஹீட்சிங்க் தகடுகளின் இடைவெளி, சாம்பல் நிறக் கம்பளி திணித்த மாதிரி அடைந்து கிடந்தது. பஞ்சுத் தூசியும் கல்தூசியும் சேர்ந்து, காற்றின் ஈரத்தில் ஊறி, பிறகு காய்ந்து களிமண் ஓடாக ஒட்டியிருந்தது. ஊதினால் போகவில்லை. பிரஷ் வைத்துச் சுரண்டினோம். ஃபேன் சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் காற்று போக வழியில்லை. சராசரி கேமிங் கார்டு ஒன்று 200 வாட் சூட்டை உமிழும், பிராசசர் விளையாட்டின்போது நூறையொட்டி. அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்பு மூன்றை ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தால் எப்படி இருக்கும்? அதுவும் கத்திரி வெயிலில், வெளியே 40 டிகிரி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இன்டெல் பிராசசர்கள் பலவும் 100 டிகிரியைத் தொட்டதும் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பையன் "கேம் ஹேங் ஆவுது, இன்னும் பெரிய கார்டு வேணும்" என்பான். கார்டில் தப்பில்லை அப்பா, மூச்சுத் திணறல்.

ஆகையால் வாங்கும்போதே முகப்பைப் பாருங்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாகவோ வழவழ பிளாஸ்டிக்காகவோ இருந்து, ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் சந்து விட்டிருந்தால் அந்த மூன்று ஃபேனும் அலங்காரம்தான். வலை முகப்பு வேண்டும். வலைக்குப் பின்னால் கையால் கழற்றித் தண்ணீரில் அலசக்கூடிய நெருக்கமான நைலான் வடிகட்டி வேண்டும். சல்லடை போல் பெரிய ஓட்டை போட்ட தகடு கொசுவைத்தான் தடுக்கும், கல்மாவைத் தடுக்காது. எஸ்.எம்.பி.எஸ். அடியிலும் இழுத்து எடுக்கும் வடிகட்டி இருக்கிறதா, மேல்பக்கம் காந்த வடிகட்டி இருக்கிறதா, பாருங்கள். உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுபவற்றைவிட அதிகமாக இருக்கட்டும், முன்னால் இரண்டோ மூன்றோ, பின்னால் ஒன்று. அப்போது பெட்டிக்குள் காற்று கொஞ்சம் நெருக்கமாகவே நிற்கும், இண்டு இடுக்கு வழியே தூசி உள்ளே வராமல் காற்று வெளியேதான் கசியும்.

இப்போது பிள்ளைகள் மத்தியில் மீன்தொட்டி மாடல் மேல் பைத்தியம். முகப்பும் பக்கமும் ஒரே கண்ணாடி. 2018-இல் லியான் லி கம்பெனியின் ஓ11 டைனமிக் வந்து பெயர் வாங்கியதும், அதைப் பார்த்துப் போட்ட மலிவு நகல்கள் சந்தையை நிறைத்துவிட்டன. முன்னால் காற்று புக வழி இல்லாததால் இவை அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் இழுக்கும். தரையில் வைத்தால் அது வீட்டைப் பெருக்கும் வாக்குவம் கிளீனர். வைத்தே தீர வேண்டுமென்றால் இரண்டடி உயர ஸ்டூல் மேல். எந்தப் பெட்டியானாலும் தரையில் வைக்காமலிருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வாசல் தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் நனைவது எஸ்.எம்.பி.எஸ்.தான், பெரும்பாலான பெட்டிகளில் அது அடியில்தான் இருக்கிறது.

கடையில் ஒரு எளிய சோதனை செய்யலாம். ஃபேன்களை ஓட விட்டு முகப்பில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நீட்டுங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் நீட்டினால் தள்ள வேண்டும். முகப்பு ஃபேனையே தலைகீழாகப் பூட்டி அனுப்பிய கேபினெட்டைப் பார்த்திருக்கிறேன், விளக்கு அழகாகத் தெரியும் பக்கம் வெளியே இருக்கட்டும் என்று. குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

சுத்தம் செய்வதிலும் உஷார், இது உயிர் சம்பந்தப்பட்டது. கல்தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது, சிலிகோசிஸ் என்ற நோயே அதற்கு இருக்கிறது, குவாரி வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு அந்தப் பெயர் தெரியும். பெட்டியை நடுவீட்டில் வைத்து புளோயரால் ஊதுவதைப் பார்க்கிறேன். பக்கத்துக் கட்டிலில் பாட்டி படுத்திருப்பார், மடியில் பேரக்குழந்தை. தயவுசெய்து தெருத் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோங்கள், மூக்கில் முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே திறங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அது வேகமாகச் சுழன்றால் தானே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் தள்ளும். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வடிகட்டியை வாரம் ஒருமுறை அலச வேண்டும், மாதக் கணக்கெல்லாம் ஏ.சி. அறைக்காரர்களுக்கு. அலசிய வடிகட்டி முழுதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

பல்லியை மறந்துவிட்டேன். பட்டணத்து விமர்சகர்கள் யாரும் பல்லியைப் பற்றி எழுத மாட்டார்கள். கேபினெட்டின் பின்பக்கம் கார்டு செருக ஏழு நீள ஓட்டைகள் உண்டு. மலிவுப் பெட்டிகளில் அதை மூடும் தகடு ஒடித்து எடுக்கும் வகை. ஒருமுறை ஒடித்தால் திரும்ப மூட முடியாது. தப்பான தகட்டை ஒடித்தால் ஒரு திறந்த வாசல் நிரந்தரமாக நின்றுவிடும். இரவில் உள்ளே இதமான சூடு, பல்லிக்கு அதைவிட நல்ல இடம் ஏது? காலையில் ஆன் செய்யும்போது டப்பென்று சத்தம், கருகிய வாடை. எறும்பும் குளவியும் கூடு கட்டும். திருகு போட்டு மாட்டும் தகடு உள்ள மாடலாக வாங்குங்கள். ஒடித்த ஓட்டை ஏற்கெனவே இருந்தால் தனியாக விற்கும் மூடித் தகட்டைத் திருகி அடையுங்கள்.

அளவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிட் டவர் என்று எழுதியிருந்தால் ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு, அதாவது 305-க்கு 244 மி.மீ., உட்காரும் என்று பொருள். ஆனால் மிட் டவர் எல்லாம் ஒரே அளவில்லை. கார்டு 300 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கலாம். கேபினெட் அட்டையில் போட்டிருக்கும் கார்டு நீளம் பெரும்பாலும் முன்னால் பிராசசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் ரேடியேட்டர் இல்லாதபோது எடுத்த அளவு. ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தின்றுவிடும். அகலத்தையும் பாருங்கள். புதிய கார்டுகள் பலவற்றில் ஒற்றைப் பதினாறு பின் பவர் முனை வருகிறது. 2022-இல் என்விடியாவின் 4090 கார்டில் அந்த முனை உருகியது உலகம் முழுவதும் பேச்சானது. முனை முழுவதும் உள்ளே போகாததே முக்கியக் காரணம் என்று அந்தக் கம்பெனி சொன்னது. குறுகலான பெட்டியில் கண்ணாடிக் கதவு அந்த வயரை அழுத்தி வளைத்தால், முழுதாகச் செருகிய முனையும் கோணிக்கொண்டு நழுவலாம். முனையிலிருந்து இரண்டு விரல் அகலமாவது வயர் நேராக வந்து பிறகுதான் வளைய வேண்டும்.

தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் டின் மாதிரி அமுங்கி எழுந்தால் வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டு அதில் தொங்கப்போகிறது. உள் ஓரங்களில் விரலைத் தடவிப் பார்க்காமல் துணியைத் தடவுங்கள், துணி மாட்டினால் பிள்ளையின் விரலும் மாட்டும். வீட்டுக்குக் கொண்டு வரும்போது கார்டைக் கழற்றித் தனியே வையுங்கள். லாரி போய்ப் போய்க் குழி விழுந்த சாலையில் பைக்கில் வைத்துக் கொண்டுவந்தால் கார்டு தன் எடையாலேயே மதர்போர்டு ஸ்லாட்டைப் பெயர்த்துவிடும்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். நம் ஸ்டேஷனில் கடற்கரை வண்டி பிடித்துப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி தெரு தூரமில்லை. கண்ணால் பார்த்து, கையால் அழுத்தி, ஃபேனை ஓட்டிப் பார்த்து வாங்கலாம். ஆனால் சந்துக்குச் சந்து விலை மாறும், "பில் போட்டா வரி, வேணுமா?" என்பார்கள். வேண்டும் என்று சொல்லுங்கள். வரிசை எண்ணோடு பில் இருந்தால்தான் நாளைக்குக் கம்பெனி திரும்ப அழைக்கும்போது உங்கள் பெட்டி அந்தக் கணக்கில் வரும். கையில் இஞ்சு டேப் கொண்டு போங்கள். பட்ஜெட்டை எழுதும்போது பையன்கள் கார்டுக்கும் பிராசசருக்கும் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டாயிரத்தைக் கேபினெட்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் பங்கு போடுவார்கள். அந்தக் காகிதத்தை வாங்கிப் பாருங்கள் அண்ணே, அக்கா. கார்டை ஒரு படி இறக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு வரியில் மிச்சம் பிடிக்க விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பெட்டி பிளக் பிடுங்கி, பழைய புடவை போர்த்தி நிற்கிறது. உடைந்த கண்ணாடியின் இடத்துக்கு அளவெடுத்துத் தகட்டுக் கதவு செய்யச் சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமை எலக்ட்ரீசியன் வந்து கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கி, மெயின் போர்டிலிருந்து அந்த அறை வரை பச்சை வயர் இழுக்கப் போகிறார். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரன்ட்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றும் மாட்டப் போகிறார். அதுவரை அக்கா மகன் தினமும் காலேஜ் விட்டு வந்து அந்தப் புடவையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகிறான். நேற்று மட்டும் எர்த் குழி எத்தனை அடி ஆழம் என்று கேட்டான்.